ஃபேன் ஓடினால் டிரான்ஸ்பார்மரின் இம்பீடன்ஸ் மாறுமா? 6.25%, 10% குழப்பம்... முழு விளக்கம்!

கோடை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஏசி ஓடும். அந்தச் சுமை மொத்தமும் போய் விழுவது துணை மின் நிலையத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர் மேல்தான். அதன் ரேடியேட்டர்களிலும் ஃபேன் பொருத்தியிருப்பார்கள். சூடு கூடினால் அது தானாக ஓடத் தொடங்கும், டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையும் கூடும். அப்போ அதன் இம்பீடன்ஸும் மாறுமா? பார்க்கலாம்.

10/16 எம்.வி.ஏ. என்றால் என்ன?

110 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் 10/16 எம்.வி.ஏ. என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சூடானதும் தானாக மேலே ஏறி, ரேடியேட்டர் வழியாக இறங்கிக் குளிரும். வெளிக்காற்றும் இயல்பாகவே படும். இதுதான் ஓ.என்.ஏ.என். முறை. இதில் தாங்கும் சுமை 10 எம்.வி.ஏ. ஃபேன் வைத்துக் காற்றை அடித்தால் அது ஓ.என்.ஏ.எஃப். அப்போது 16 எம்.வி.ஏ. வரை தாங்கும்.

சுமை 1.6 மடங்கு ஆனால், மின்னோட்டத்தால் காயிலில் உண்டாகும் சூடு 2.56 மடங்கு ஆகும். அந்தச் சூட்டை விரட்டுவது மட்டும்தான் ஃபேனின் வேலை. காயிலிலோ, இரும்பு உள்ளகத்திலோ அது எதையும் மாற்றுவதில்லை.

இம்பீடன்ஸை எப்படி அளக்கிறார்கள்?

மின்னோட்டத்துக்கு டிரான்ஸ்பார்மர் கொடுக்கும் மொத்தத் தடைதான் இம்பீடன்ஸ். அளப்பது சுலபம். 11 கிலோவோல்ட் பக்கத்தை ஷார்ட் செய்துவிட்டு, மறுபக்கம் வோல்டேஜை மெதுவாக ஏற்றுவார்கள். முழுச்சுமைக்கான மின்னோட்டம் ஓடுவதற்கு, வழக்கமான வோல்டேஜில் எத்தனை சதவீதம் தேவைப்பட்டதோ, அதுதான் இம்பீடன்ஸ் சதவீதம்.

நம்ம உதாரணத்தில் 16 எம்.வி.ஏ.வுக்கான 84 ஆம்பியர் ஓட 11 கிலோவோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 110-ல் அது 10 சதவீதம். 10 எம்.வி.ஏ.வுக்கு 52.5 ஆம்பியர் போதும். அதற்கு ஏறக்குறைய 6.9 கிலோவோல்ட்தான் தேவை. அதாவது 6.25 சதவீதம்.

சதவீதம் இரண்டாக இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான். 11 கிலோவோல்ட் பக்கத்தில் இருந்து ஓமில் கணக்கிட்டால் இரண்டுக்குமே சுமார் 0.76 ஓம்தான் வரும்.

தப்பாகப் படித்தால் என்ன ஆகும்?

ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குத்தான் பெரிய பங்கு. 16 எம்.வி.ஏ.வில் முழுச்சுமை 840 ஆம்பியர். அதை 10 சதவீதத்தால் வகுத்தால் 8,400 ஆம்பியர். 10 எம்.வி.ஏ.வில் 525 ஆம்பியரை 6.25 சதவீதத்தால் வகுத்தாலும் அதே 8,400தான். ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆனால் 16-க்கான 10 சதவீதத்தை 10 எம்.வி.ஏ.வோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 5,250 ஆம்பியர்தான் வரும். நிஜத்தில் பாயப்போவது 8,400. அந்தத் தப்பான எண்ணை நம்பி பிரேக்கரையும் ரிலேவையும் முடிவு செய்தால் ஆபத்துதான்.

இரண்டு டிரான்ஸ்பார்மர்களை இணையாக ஓட்டும்போதும் இதே சிக்கல் வரும். ஒரே எம்.வி.ஏ. அடிப்படையில் ஒப்பிடாமல் சேர்த்துவிட்டால், ஒன்று தன் பங்கை மீறிச் சுமக்கும். இன்னொன்று குறைவாகச் சுமக்கும்.

எந்த அடிப்படையில் சொல்வார்கள்?

சர்வதேச ஐ.இ.சி. தரநிலையில் உச்சபட்ச எம்.வி.ஏ.வே அடிப்படை. இந்தியாவின் ஐ.எஸ். 2026 தரநிலையும் அதைத் தழுவியதுதான். அமெரிக்க வழக்கத்தில் பெரும்பாலும் ஃபேன் இல்லாத ஓ.என்.ஏ.என். திறனே அடிப்படை. அதனால் சதவீதத்தைப் பார்த்தால், அது எந்த எம்.வி.ஏ.வுக்கானது என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

அப்போ எதுதான் மாறும்?

சுமை கூடினால் அதே ஓம் வழியாக அதிக மின்னோட்டம் ஓடும். அதனால் வோல்டேஜ் கூடுதலாகச் சரியும். அதைச் சரிக்கட்டத்தான் டேப் சேஞ்சர். டேப் மாறும்போது காயில் சுற்றுகளின் எண்ணிக்கை மாறுவதால், இம்பீடன்ஸும் ஓரளவு மாறும். சூட்டில் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடும்தான். ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மரில் இம்பீடன்ஸின் பெரும்பகுதி ரியாக்டன்ஸ். அது சூட்டால் மாறாது. அதனால் மொத்தத்தில் வித்தியாசம் மிகச் சிறியது.

சுருக்கமாகச் சொன்னால், ஃபேன் ஓடினால் மாறுவது டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமைதான். இம்பீடன்ஸ் அப்படியேதான் இருக்கும்.