விக், டோரி பத்திரிகைகளும் நமது 'முஸ்லிம் நேச'னும்

1882 டிசெம்பர் 21இல் அறிஞர் சித்தி லெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது. மூன்று வாரமளவில், 1883 ஜனவரியில், எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா தமது தோழர்களுடன் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். இரண்டு செய்தியும் நமது பிள்ளைகள் கேள்விப்பட்டவைதான். ஆனால், பாஷாவை இங்கே அனுப்பியது எந்தக் கட்சியின் அரசாங்கம் என்று உயர்தர வகுப்பில் கேட்டால், "வெள்ளைக்காரன்தானே சேர்" என்ற பதில்தான் வரும். அந்த வெள்ளைக்காரனும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஆளுக்கொரு பத்திரிகை நடத்திச் சண்டை பிடித்தவன். அந்தச் சண்டையை விளங்கிக்கொண்டால், நமக்கென்று ஒரு பத்திரிகை அன்று ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

விக், டோரி இரண்டுமே வசைப் பெயர்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், கத்தோலிக்கரான ஜேம்ஸ் முடிசூடலாமா என்ற தகராறு எழுந்தது. சூடலாம் என்றவர்களை அயர்லாந்துக் கொள்ளையரின் பெயரால் 'டோரி' என்று ஏசினார்கள். கூடாது என்றவர்களை ஸ்கொட்லாந்துக் கலகக்காரரின் பெயரால் 'விக்' என்று ஏசினார்கள். ஏச்சே பிறகு கட்சியின் பெயராக நிலைத்தது. டோரிகள் முடியாட்சிக்கும் அரச திருச்சபைக்கும் துணை நின்றார்கள். விக்குகள் பாராளுமன்றத்தின் அதிகாரத்தைப் பெரிதாகப் பேசினார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் போட்டி இலக்கியத்துக்குள்ளும் புகுந்தது. புகுந்த வாசல், இப்போது உங்கள் கையில் இருப்பதைப் போன்ற காலாண்டிதழ்தான். 1802இல் விக்குகளின் 'எடின்பரோ ரிவியூ' தொடங்கியது. அதற்குப் போட்டியாக 1809இல் டோரிகளின் 'குவாட்டர்லி ரிவியூ' வந்தது. 1818இல் இளங்கவிஞர் கீட்ஸை 'குவாட்டர்லி'யும் இன்னொரு டோரி இதழான 'பிளாக்வூட்ஸ்' சஞ்சிகையும் கிழித்தெறிந்தன. கவிதையில் குறை இருந்திருக்கலாம். ஆனால் இளவரசரைத் தாக்கி எழுதிச் சிறை சென்ற லீ ஹன்ட்டின் நண்பர் அவர் என்பதும் அந்தத் தராசில் சேர்த்தே நிறுக்கப்பட்டது.

செய்தித்தாள்களும் அப்படியே. 1836இல் பத்திரிகை முத்திரை வரி நான்கு பென்ஸிலிருந்து ஒரு பென்ஸாகக் குறைந்தது, 1855இல் ஒழிந்தது. பேப்பர் மலிந்தது, கட்சிச் சண்டை தெருவுக்கு வந்தது. விக் சார்பான 'மோர்னிங் குரோனிக்கி'ளில் நிருபராக இருந்த டிக்கன்ஸ், 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஒரு கற்பனை ஊரைக் காட்டுகிறார். அங்கே இரண்டு கட்சி, இரண்டு பத்திரிகை. கடையும் சத்திரமும்கூட இந்தக் கட்சிக்கு, அந்தக் கட்சிக்கு என்று பிரிந்து கிடக்கும். நமது ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதினமில்லை.

விக்குகள் 1859இல் மற்றவர்களோடு சேர்ந்து லிபரல் கட்சியானார்கள். டோரிகள் அதற்கு முன்பே கன்சர்வேட்டிவ் என்ற பெயரை ஏற்றிருந்தார்கள். லிபரல்களின் தலைவர் கிளாட்ஸ்டன். கன்சர்வேட்டிவ் தலைவர், நாவலாசிரியருமான டிஸ்ரேலி. 1876இல் உதுமானிய ஆட்சிக்குட்பட்ட பல்கேரியாவில் நடந்த படுகொலைகளை லிபரல் சார்பான 'டெய்லி நியூஸ்' வெளிக்கொண்டு வந்தது. கொலைகள் உண்மை. ஆனால் அதைப் பற்றிப் பிரசுரம் எழுதிய கிளாட்ஸ்டன், துருக்கியர் என்ற முழு இனத்தையே மனிதத்தன்மையற்றதாகச் சித்திரித்தார். டிஸ்ரேலி பக்கத்தார் துருக்கிக்குச் சார்பாக எழுதினார்கள். அதுவும் முஸ்லிம்கள் மீதுள்ள பாசத்தால் அல்ல. இந்தியாவுக்குப் போகும் வழியில் ரஷ்யா குறுக்கே வந்துவிடக் கூடாதே என்ற கணக்கு.

டிஸ்ரேலியின் ஏகாதிபத்திய ஆசைகளைக் கண்டித்துப் பேசித்தான் 1880இல் கிளாட்ஸ்டன் வென்றார். அதே கிளாட்ஸ்டனின் அரசாங்கமே 1882 ஜூலையில் அலெக்சாந்திரியாவைப் பீரங்கியால் தகர்த்தது, செப்டெம்பரில் தெல் அல்-கபீரில் ஒராபியைத் தோற்கடித்தது. லிபரல்களுக்குள்ளும் மனச்சாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள்: ஜோன் பிரைட் அமைச்சர் பதவியைத் துறந்தார். கவிஞர் வில்ஃபிரிட் பிளன்ட் பாஷாவுக்கு வழக்கறிஞர் பிடித்துக் கொடுத்தார். பிறகு 1885இல் டோரி பக்கமும் 1886இல் லிபரல் பக்கமும் நின்று தேர்தல் கேட்டார், இரண்டிலும் தோற்றார்.

இந்தச் சூழலில்தான் கண்டியின் சட்டத்தரணியான சித்தி லெப்பை தமிழில் பத்திரிகை தொடங்கினார். லண்டனில் எந்தப் பக்கப் பேப்பரைத் திறந்தாலும் முஸ்லிம் இன்னொருவரின் வாதத்துக்கு உதாரணமாகவே வந்து போனான். தன் காரியத்தைத் தானே பேச அவனுக்கு ஓர் ஏடு வேண்டியிருந்தது. பத்திரிகையோடு நிற்காமல், 1892இல் பாஷாவையும் வாப்பிச்சி மரைக்காரையும் சேர்த்துக்கொண்டு, பிறகு சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலைக்கும் அவர் வழி செய்தார்.

முள்ளியவளையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், பின்னர் மீள்குடியேற்றமும், காணிப் பிரச்சினையும் ஒரு பேப்பரில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் வந்தன, இன்னும் வருகின்றன. ஒரே காணி, ஒன்றில் 'எங்கட காணி', மற்றதில் 'அழிக்கப்படும் காடு'. பக்கத்துப் பக்கத்தில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் இந்தத் தலைப்புகள் வழியாகவே பார்க்கப் பழகினால், சந்தையில் முகம் பார்த்துப் பேசுவதே கஷ்டமாகிவிடும்.

ஆகவே பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு செய்தியை வாசித்தால், இதை எழுதியவர் யாருடைய ஆள், இதனால் யாருக்கு லாபம், இதில் யாருடைய குரலைக் காணவில்லை என்று கேளுங்கள். நமக்குச் சார்பான பேப்பர் என்றால் இன்னும் ஒரு தடவை கூடுதலாகக் கேளுங்கள்.