அயர்லாந்துக் குழந்தைகளின் உணவுத் தட்டு

நோயிலிருந்து தேறும் குழந்தை உணவை மறுக்கும்போது நாம் கலங்குகிறோம். அயர்லாந்தில் அத்தகைய குழந்தைக்கு, ரொட்டித் துண்டுகளைச் சூடான பாலில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம்.

அங்கு அக்டோபர் 31 அன்று ‘கோல்கேனன்’ சமைப்பர். மசித்த உருளைக்கிழங்குடன் முட்டைக்கோஸ் அல்லது கேல் கீரை, பால், வெண்ணெய் சேர்ந்த உணவு அது. நடுவே குழி செய்து வெண்ணெயை உருகவிடுவர். பிள்ளைகள் ஓரத்திலிருந்து அள்ளி, வெண்ணெயில் தோய்த்து உண்பர். காகிதத்தில் சுற்றிய நாணயங்களை உள்ளே ஒளித்துவைப்பதும் உண்டு. தேடும் ஆவலில் தட்டு காலியாகும்.

நாணயம் தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். அதனை நாம் தவிர்ப்போம். வெண்ணெய்க் குழியின் விளையாட்டே போதும். சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு உருளைக்கிழங்கிலுள்ள பொட்டாசியம் ஒவ்வாதிருக்கலாம். உணவியல் வல்லுநரைக் கேட்ட பின்னரே கொடுப்போம்.