பாசறைக் காய்ச்சலும் ஸர்க்கார் கடமையும்

ராணுவத்தில் சேரும் வாலிபனுக்கு எதிரியின் குண்டினால்தான் ஆபத்து என்று பொது ஜனங்கள் எண்ணுகிறார்கள். எதிரியின் முகத்தையே காணாமல், சொந்த தேசத்துப் பயிற்சிப் பாசறையின் கட்டிலில், இருமலும் ஜுரமும் கண்டு மாண்டவர்களின் கணக்கை யாரும் பேசுவதில்லை. 1918-ம் வருஷத்தில் இன்புளுயென்ஸாவும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும் அமெரிக்க ராணுவத்தில் சுமார் 45,000 உயிர்களைக் கொண்டுபோயின. மாஸசூஸெட்ஸ் மாகாணத்து டெவன்ஸ் பாசறையில் இடத்துக்கு மிஞ்சி ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள்; அங்கே பிரேதங்களை வைப்பதற்கென்றே ஒரு பாரக்கைக் காலி செய்ய நேர்ந்தது.

அது உலகம் முழுவதையும் அழித்த மகாமாரி. நாம் இன்று எழுதப் புகுந்தது அவ்வளவு பிரஸித்தி பெறாத ஒரு வியாதியைப் பற்றி. அடினோவைரஸ் என்பது அதை உண்டாக்கும் நுண்ணுயிரின் பெயர். 1953-ல் இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மிஸௌரி மாகாணத்து லெனர்ட் வுட் கோட்டையில் புதுச் சிப்பாய்களிடையே பரவிய சுவாச நோயிலிருந்து மாரிஸ் ஹில்மன் என்ற நிபுணர் இவ்வினத்தைப் பிரித்தெடுத்து, 1954-ல் வெளியிட்டார். ஊரில் உள்ளவனுக்கு இது வந்தால் நாலு நாள் ஜலதோஷத்தோடு போய்விடும். பாசறையிலோ விஷயம் வேறு. தடுப்பு மருந்து வருவதற்கு முன், பயிற்சிக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் வரை இந்நோய்க்கு ஆளானார்கள். நூற்றுக்கு 20 பேர் வரை ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. பல மாகாணங்களிலிருந்து வந்த இளைஞர்களை ஒரே கூடத்தில் நெருக்கிப் படுக்க வைக்கிறார்கள். தூக்கம் குறைவு, உடற்சலிப்பு அதிகம், மேலதிகாரியின் அதட்டல் வேறு. மூன்றாவது, நான்காவது வாரத்தில் கூடமே இருமத் தொடங்குகிறது. பெட்டியிலும் துப்பாக்கியிலும்கூட இவ்வைரஸ் ஒட்டியிருப்பதைப் பரிசோதகர்கள் கண்டிருக்கிறார்கள். கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் 1996-ல், ஒவ்வொருவரும் தினம் ஐந்து தடவையாவது கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். சுவாச நோய்க்காக வைத்தியரிடம் வருவோர் தொகை நூற்றுக்கு 45 வீதம் குறைந்தது. அந்த உத்தரவில் ஒரு வேடிக்கை உண்டு: கை கழுவும் தொட்டி ஈரமாயிருந்தாலும் பார்வையிடும் அதிகாரி குற்றம் பிடிக்கக் கூடாது என்றும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது! தொட்டி பளபளப்பாயிருக்க வேண்டுமென்றால் கை அழுக்காயிருக்க வேண்டியதுதானே. கச்சேரி நிர்வாகம் எந்த தேசத்திலும் ஒரே ஜாதி என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் கை கழுவுவதோடு தீருகிற வியாதி அல்ல இது. உண்மையான பரிகாரம் 1971 முதல் கையிலேயே இருந்தது. நாலாவது, ஏழாவது இனங்களுக்கு எதிராக இரண்டு மாத்திரைகள். மெல்லாமல் விழுங்கினால் அவை இரைப்பையில் கரையாமல் குடலுக்குச் சென்று கரைகின்றன. வலுக்குன்றாத உயிர் வைரஸே அங்கு பெருகுகிறது. நுரையீரலில் கொடுமை செய்யும் அதே கிருமி குடலில் சாதுவாய் வளர்ந்து, உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்பித்துவிடுகிறது. ஊசியில்லை, வலியில்லை. பாசறைகளில் இருமல் அடங்கிற்று.

அதன் பின் நடந்ததுதான் வெட்கக்கேடு. இம்மாத்திரையைச் செய்தது வையெத் என்ற ஒரே கம்பெனி. தொழிற்சாலையைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று கம்பெனி சொல்லிற்று. தேவைப்பட்டது சில மில்லியன் டாலர். ஒரு யுத்த விமானத்தின் விலைக்குக்கூட எட்டாத அத்தொகைக்கு ராணுவ இலாகா முடிவு சொல்லாமல் காலம் கடத்திற்று. 1996-ல் உற்பத்தி நின்றது. எஞ்சிய சரக்கைக் குளிர்காலத்துக்கென்று சிக்கனமாய்ச் செலவழித்தார்கள்; 1999-ல் அதுவும் தீர்ந்தது. இருமல் திரும்பி வந்தது. 2000-ம் வருஷத்தில் கிரேட் லேக்ஸில் திடகாத்திரமான இரண்டு வாலிபர்கள் மாண்டார்கள். 2007-ல் டெக்ஸாஸின் லாக்லண்ட் விமானப் படைத் தளத்தில் பதினாலாவது இனம் என்ற புதிய சத்துரு தோன்றி மேலும் ஓர் உயிரைக் கொண்டது. மருந்தில்லாத அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். நிபுணர் குழு ஒன்று 2000-லேயே எச்சரித்தது. புதிய கம்பெனியோடு 2001-ல் ஒப்பந்தம் செய்தும், அனுமதி கிடைத்தது 2011 மார்ச்சில்! முதலில் மறுத்த தொகையைவிடப் பல மடங்கு செலவாயிற்று.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தடுக்கக்கூடிய நோயில் பிள்ளையை இழந்த தகப்பன் யாரிடம் முறையிடுவது? 1950-ல் பீரெஸ் வழக்கில் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட், ராணுவ சேவையின் காரணமாக நேர்ந்த தீங்குக்குச் சிப்பாய் ஸர்க்கார்மீது வழக்காட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2019-ல் இயற்றிய ஒரு சட்டம் ராணுவ ஆஸ்பத்திரியில் நேரும் வைத்தியப் பிழைக்கு மட்டும் நஷ்டஈடு கோர வழி செய்தது. அதுவும் கோர்ட்டில் அல்ல, இலாகாவிடமே. மருந்தை வாங்கி வைக்காத பிழை எந்த வைத்தியனின் பிழை? கூலியாளுக்கு முதலாளிமேல் உள்ள பாத்தியதைகூடக் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவனுக்கு இல்லை. அவன் தானாக வெளியே போய் மருந்து வாங்கவும் முடியாது. கூடத்தை விட்டு வேறிடம் படுக்கவும் முடியாது. அவன் சுதந்திரத்தை முழுதும் வாங்கிக்கொண்ட ஸர்க்கார் அவன் மூச்சுக்கும் ஜவாப்தாரி என்பதே நமது அபிப்பிராயம்.

அமெரிக்கர் கதை நமக்கெதற்கு என்பாருக்கு ஒன்று சொல்கிறோம். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. மருந்துச் சாலை, குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனம், கஸௌலி மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆகிய மூன்று ஸர்க்கார் சாலைகளின் லைஸென்ஸுகளையும் நமது மத்திய ஸர்க்காரே நிறுத்தி வைத்தது. உற்பத்தி முறை நியமங்களுக்குப் பொருந்தவில்லை என்பது காரணம். கூரை ஒழுகினால் கூரையைச் செப்பனிடுவார்களா, குடும்பத்தை வாடகை வீட்டுக்கு விரட்டுவார்களா? 2010-ல் உத்தரவு ரத்தாயிற்று. குழந்தைகளின் தடுப்பு மருந்துக்கு இடையில் தனியார் கையை நோக்க வேண்டியிருந்ததை மறந்துவிடலாகாது.

அமெரிக்கப் பாசறைகளில் 2011 அக்டோபர் முதல் மாத்திரை மறுபடி கொடுக்கப்பட்டது. இரண்டு வருஷத்துக்குள் நோய் முன்பிருந்ததில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. பன்னிரண்டு வருஷம் முன்பே சாத்தியமாயிருந்த காரியம். அனுமதி பெற்ற அந்தப் புதிய மாத்திரையும் ஒரே ஒரு கம்பெனியின் சரக்கே. அதுவும் ஒரு நாள் தொழிற்சாலையைப் புதுப்பிக்கப் பணம் கேட்டால் என்ன ஜவாப் தயாராயிருக்கிறது என்பதை வாஷிங்டன் அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும்.