ஹோம்ஸ்டே மேகமலையில், வேலை சென்னையில்: ஜிஎஸ்டி ஓடிபி யார் போனுக்குப் போகுது?

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் சொந்த ஊரா இருந்து, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற பலருக்கு ஊர்ல ஒரு சின்ன தொழில் ஓடிட்டு இருக்கு. மேகமலையில ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே, போடியில ஏலக்காய் பாக்கெட் போட்டு ஆன்லைன் விற்பனை, இந்த மாதிரி. நேர்ல நின்னு பார்க்க முடியாது. அதனால புக்கிங் ஒரு ஆப்கிட்ட, ரூம் ஒரு கேர்டேக்கர்கிட்ட, வரிக்கணக்கு டவுன்ல ஒருத்தர்கிட்ட.

இது தப்பே இல்லை. சம்பளத்துக்கு இருக்கிறவங்க வேற எப்படிச் செய்ய முடியும்? ஆனா வேலையைக் கொடுக்கும்போது கூடவே சாவியையும் கொடுத்துடறோம். பின்னாடி பிரச்சனைன்னு வந்தா, பதிவு யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் சட்டம் கேட்கும்.

முதல்ல ஜிஎஸ்டி. பதிவு எடுக்கும்போது "உங்களுக்கு எதுக்கு சார் தொந்தரவு"ன்னு ஆலோசகர் தன்னோட மொபைல் நம்பரையும் மெயில் ஐடியையும் போட்டுடுவார். ஓடிபி அவருக்குப் போகும். நோட்டீஸ் வந்திருக்குன்னு சொல்ற எஸ்எம்எஸ்ஸும் அவருக்குத்தான் போகும். அவர் ஆபீஸை மூடிட்டாலோ, உங்களுக்கும் அவருக்கும் ஃபீஸ்ல மனஸ்தாபம் வந்தாலோ, உங்க வியாபாரத்தோட கணக்குக்குள்ள நீங்களே போக முடியாது.

"சீசன் இல்லை, வியாபாரமே நடக்கலை, ரிட்டர்ன் எதுக்கு"ன்னு சிலர் விட்டுடுவாங்க. பதிவு இருக்கிற வரைக்கும் நில் ரிட்டர்ன் போட்டே ஆகணும். தாமதமான ஒவ்வொரு நில் ரிட்டர்னுக்கும் ஒரு நாளைக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய். தொடர்ந்து ஆறு மாசம் போடலைன்னா பதிவையே ரத்து பண்ண நடவடிக்கை எடுக்கலாம்.

இதைவிடப் பெரிய அடி நோட்டீஸ்லதான் விழும். நோட்டீஸ் தபால்ல வரும்னு காத்திருக்காதீங்க. போர்ட்டல்ல 'வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்'னு ஒரு மூலையில வந்து உட்கார்ந்திருக்கும். பதில் போகலைன்னா ஒருதலையா ஆர்டர் வரும். அதை எதிர்த்து அப்பீல் போக 3 மாசம். தகுந்த காரணம் சொன்னா இன்னும் 1 மாசம். அவ்வளவுதான். பேங்க் அக்கவுண்ட்டை முடக்கின பிறகுதான் விஷயமே தெரிஞ்சதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

சென்னை உயர் நீதிமன்றத்துல 2024-ல இந்த மாதிரி வழக்குகள் வரிசையா வந்துச்சு. "போர்ட்டலை ஆலோசகர்தான் பார்த்துட்டு இருந்தார், நோட்டீஸ் வந்ததே எனக்குத் தெரியாது"ங்கிறதுதான் பல பேரோட வாதம். கோர்ட் பல வழக்குகள்ல ஆர்டரை ரத்து பண்ணி, பதில் சொல்ல இன்னொரு வாய்ப்பு கொடுத்துச்சு. ஆனா கேட்ட வரியில 10 சதவீதத்தை முதல்ல கட்டணும்ங்கிற நிபந்தனையோட! வக்கீல் ஃபீஸ், மதுரைக் கிளைக்கு அலைச்சல் எல்லாம் தனி.

நானும் ஒரு சிஏதான், எங்ககிட்ட வராதீங்கன்னு சொல்ல மாட்டேன். பதிவுல உங்க நம்பரும் மெயிலும் இருக்கட்டும், ரிட்டர்ன் வேலையை அவர் செய்யட்டும். நம்பரை மாத்த லாகின் உள்ளேயே வழி இருக்கு. லாகினே இல்லைன்னா அடையாள ஆவணங்களோட உங்க பகுதி ஜிஎஸ்டி அதிகாரிகிட்ட போய் மாத்திக்கலாம். இன்னொரு வசதி நிறைய பேருக்குத் தெரியாது: போர்ட்டலோட முகப்புல 'சர்ச் டாக்ஸ்பேயர்'ல உங்க ஜிஎஸ்டி எண்ணைப் போட்டா, எந்த மாச ரிட்டர்ன் என்னைக்குப் போச்சுன்னு பாஸ்வேர்ட் இல்லாமலே காட்டும். மாசம் ஒரு தடவை, டீ குடிக்கிற நேரத்துல பார்த்துடலாம்.

அடுத்தது புக்கிங் ஆப். இங்க நடக்கிற தப்பு வேற ரகம். வருஷத்துக்கு 200 ரூம் புக்கிங், ஒண்ணு 3,000 ரூபாய்னு வைங்க. மொத்தம் 6,00,000. கமிஷன் 18 சதவீதம்னா 1,08,000. அதுக்கு ஜிஎஸ்டி 19,440. டிடிஎஸ் 0.1 சதவீதம், 600 ரூபாய். பேங்க்ல வந்து சேர்றது 4,71,960. பல பேர் இதையே வரவுன்னு ரிட்டர்ன்ல காட்டுறாங்க. ஆனா ஆப் உங்க பேன் எண்ல வருமான வரித்துறைக்குச் சொல்லியிருக்கிறது 6 லட்சம்! ஏஐஎஸ்ல அதுதான் நிக்கும். வரவுல 6 லட்சத்தைக் காட்டுங்க, கமிஷனைச் செலவுல எழுதுங்க. உத்தேச வருமான முறையில போறவங்க கமிஷனைத் தனியாக் கழிக்க முடியாது. ஆனா விற்றுமுதல்னு காட்ட வேண்டியது அப்பவும் 6 லட்சம்தான். இன்னொண்ணு, சம்பளக்காரங்க வழக்கமாப் போடுற ஐடிஆர்-1 இதுக்குச் செல்லாது. தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-3 அல்லது 4.

ஏலக்காய் ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டோரை ஏஜென்சி நடத்தினாலும் விற்பனையாளர் நீங்கதான். தமிழ்நாட்டைத் தாண்டி ஒரு பார்சல் போனாலே ஜிஎஸ்டி பதிவு வேணும். விற்பனை குறைவுன்னு வரம்புச் சலுகை கேட்க முடியாது.

கடைசியா கேர்டேக்கர். பெரும்பாலும் நல்ல மனுஷங்க, தெரிஞ்ச குடும்பமாவும் இருப்பாங்க. நேரா வந்து தங்குறவங்க காசு போடுறது அவரோட ஜிபே க்யூஆர்ல. மாசக் கடைசியில சம்பளம், கேஸ் சிலிண்டர், பால், துணி வெளுத்த காசு எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சத்தை உங்களுக்கு அனுப்புவார். உங்ககிட்ட வரவுக்கும் கணக்கு இல்லை, செலவுக்கும் பில் இல்லை. அவர் அக்கவுண்ட்ல மட்டும் லட்சக்கணக்குல பணம் வந்து போயிருக்கும். கேள்வி வந்தா பாவம், அவரும் பதில் சொல்லணும். உங்க அக்கவுண்ட்டோட க்யூஆரைப் பிரிண்ட் போட்டு ரூம்ல ஒட்டுங்க. வந்தவங்க பேர், தேதி, வாங்கின தொகை மூணையும் எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க. வாரம் ஒரு தடவை அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அவர் சம்பளத்தை வரவுல கழிக்க விடாம, உங்க அக்கவுண்ட்ல இருந்து தனியா அனுப்புங்க.