ஒரு கையெழுத்தின் பெறுமதி

நீண்ட காலம் சிறையில் இருக்கும் ஒருவருக்குப் பரோலோ விடுதலையோ கேட்டு எழுதப்பட்ட மகஜர் ஒன்று கைக்கு வந்தால், எம்மில் பலர் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். சிலர் வாசித்தும் பாராமல் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். சிலர் "எமக்கேன் வீண் வம்பு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பொதுமக்களின் ஆதரவு ஒரு கைதிக்கு உண்மையில் எப்போது உதவுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டு தவறையும் தவிர்க்கலாம் அல்லவா?

இதற்கு நாம் வாழும் அல் ஐன் நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1994இல் இங்கு வீட்டு வேலைக்கு வந்திருந்த பிலிப்பைன்ஸ் சிறுமி சாரா பலபாகன், தன்னைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினார் என்று கூறி வீட்டு எசமானரைக் கத்தியால் குத்திக் கொன்றார். கடவுச்சீட்டில் வயது கூட்டிப் போடப்பட்டிருந்தது. உண்மையில் அவர் பதின்ம வயதுப் பிள்ளை. 1995 ஜூனில் ஏழாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் மறுவிசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. ஜனாதிபதி ஷேக் சாயித் தலையிட்டார். இறந்தவரின் குடும்பத்தினர் உயிருக்கு உயிர் கேட்பதைக் கைவிட்டு, இரத்தப் பணம் பெற இணங்கினார்கள். 1,50,000 திர்ஹத்தை அவரது நாட்டுத் தொழிலதிபர் ஒருவர் கொடுத்தார். தண்டனை ஓராண்டுச் சிறையும் நூறு பிரம்படியுமாகக் குறைந்தது. 1996 ஓகஸ்டில் அவர் ஊர் திரும்பினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஊர்வலங்களும் வேண்டுகோள்களும் மட்டும் அந்தச் சிறுமியைக் காப்பாற்றவில்லை. மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவர்களின் மனம் இளகியதால்தான் கயிறு விலகியது.

சட்டமும் நாடும் வேறானாலும் எங்கள் தமிழ் மண்ணில் நடந்த நீண்ட போராட்டம் ஒன்றும் இதையே சொல்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11ஆம் திகதி கைதானபோது ஜோலார்பேட்டைப் பேரறிவாளனுக்கு வயது 19. ஒன்பது வோல்ட் பற்றரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கிய குற்றச்சாட்டு. 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011 செப்ரெம்பர் 9 தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. 2013இல், வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி தியாகராஜனே, அந்தப் பற்றரிகள் எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பகிரங்கமாகக் கூறினார். 2014 பெப்ரவரியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

இந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. சிறைக்குள்ளிருந்தே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200க்கு 1096 புள்ளிகள் பெற்றார். திறந்தவெளிப் பல்கலைக்கழகம் மூலம் கணினிப் பயன்பாட்டில் முதுநிலைப் பட்டம் வரை படித்தார். வெளியே தாயார் அற்புதம்மாள், தோளில் ஒரு பையோடு சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவர்களின் வீட்டுப் படிகளுக்கும் நடந்துகொண்டேயிருந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர 26 ஆண்டுகள் பிடித்தன. நோயுற்ற தந்தையைப் பார்க்க, 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி அவருக்கு முதல் தடவையாக ஒரு மாதப் பரோல் கிடைத்தது.

பரோல் என்பது விடுதலை அல்ல. நிபந்தனைகளோடு கிடைக்கும் சில நாள் விடுப்பு. தவணை முடிந்ததும் அவர் மீண்டும் சிறைக்குள் சென்றார். அந்தத் திரும்பிச் செல்லலுக்குப் பின்னாளில் பெரும் பயன் கிடைத்தது. 2022 மார்ச் 9இல் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றம், மூன்று முறை பரோலில் சென்றும் அவர் நடத்தை பற்றி முறைப்பாடு இல்லை என்பதையும், அவரது படிப்பையும் உடல்நிலையையும் கருத்தில் எடுத்தது. மே 18இல் விடுதலையும் வந்தது. மற்ற ஆறு பேரும் அவ்வாண்டு நவம்பரில் விடுதலையானார்கள்.

ஆனால் எம்மைப் போன்ற அகதிக் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் கசப்பான பகுதியும் உண்டு. அந்த ஆறு பேரில் நால்வர் ஈழத்தவர். சிறையிலிருந்து வெளிவந்தவர்களைத் திருச்சி சிறப்பு முகாமில் அடைத்தார்கள். அவர்களுள் சாந்தன், தாயிடம் போகும் பயணத்துக்கு அனுமதி வந்த சில நாட்களில், 2024 பெப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் கண்மூடினார். உடுப்பிட்டியில் காத்திருந்த தாயாரிடம் மகனின் உடல்தான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் ஏப்ரலில் இலங்கை திரும்பினார்கள். ஆகவே விடுதலை கேட்கும்போதே வீடு திரும்பும் வழியையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

தாயகத்திலும் இத்துயர் உண்டு. 2018 மார்ச்சில், ஆயுள் தண்டனை பெற்ற கிளிநொச்சித் தந்தை ஒருவர், மனைவியின் இறுதிக்கிரியைக்குச் சில மணி நேரம் மட்டும் அழைத்துவரப்பட்டார். திரும்பும்போது அவரது சின்ன மகளும் சிறை வாகனத்தில் ஏறிக்கொண்டாள். வடக்கில் மாணவர்கள்கூட அவருக்காக ஜனாதிபதிக்கு மகஜர் எழுதினார்கள்.

வாசக அன்பர்களே, மகஜர் ஒன்று உங்களிடம் வந்தால் சில விடயங்களைப் பாருங்கள். அது யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது? இலங்கையில் மன்னிப்பளிப்பவர் ஜனாதிபதி. இந்தியாவில் ஆளுநரும் குடியரசுத் தலைவரும். பரோல் என்றால் சிறைத்துறையும் மாநில அரசும். கைதி எத்தனை ஆண்டு இருந்தார், என்ன படித்தார், வெளியே வந்தால் யார் பொறுப்பேற்பார், எந்த வீட்டில் இருப்பார் என்பவை எழுதப்பட்டுள்ளனவா? பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை மதித்து ஒரு வரியாவது இருக்கிறதா? நளினியின் தூக்கு 2000இல் குறைக்கப்பட்டதற்கு முன், கணவனை இழந்த சோனியா காந்தியே கருணை காட்டுமாறு கேட்டிருந்தார் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்று. இந்நாட்டில் அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர எவரும் பணம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். அன்பினால் உண்டியல் எடுத்து நீங்களும் வழக்கில் மாட்டவேண்டாம். கடிதம் எழுதுங்கள். கைதியின் வயதான பெற்றோருக்கு ஊரிலுள்ள உங்கள் உறவினரைக் கொண்டு ஒரு துணை தேடிக் கொடுங்கள். அவர் வெளியே வரும் நாளில் வேலை தரக்கூடிய ஒருவரைக் கண்டுபிடியுங்கள். பரோல் மனுவில் "இவருக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் உண்மையாக எழுதும் ஒற்றை வரி, வாசிக்காமல் இட்ட ஆயிரம் கையெழுத்துகளைவிடக் கனமானது.