மூட்டையில் தொலையும் முகவரி

இறம்பொடை வளைவுகளில் இறங்கும் மரக்கறி லொறிகளைப் பார்த்திருப்பீர்கள். நுவரெலியாப் பக்கத்துக் கரட், லீக்ஸ், கோவா மூட்டைகள் புஸ்ஸல்லாவை, கம்பளை, கண்டி கடந்து தம்புள்ளைக்குப் போகின்றன. அவற்றை விளைவித்தவர் யார் என்ற விபரம் மட்டும் பெரும்பாலும் லொறியில் ஏறுவதில்லை.

கரட்டைப் பிடுங்கியதும் கழுவித் தரம் பிரிக்கிறார்கள். மண் போகும்போதே தோட்டத்தின் அடையாளமும் போய்விடுகிறது. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவரின் கரட்டும் ஏக்கர் கணக்கில் பயிரிட்டவரின் கரட்டும் ஒரே மூட்டைக்குள் விழுகின்றன. 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலும், பேலியகொடைக்கு இடம்மாறிய மெனிங் சந்தையிலும் பேசப்படுவது எடையும் விலையும்தான்.

இதனால் நட்டப்படுபவர் ஒழுங்காகப் பயிர் செய்பவர். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜனவரியில் நடந்ததுபோல் கரட் கிலோ 2000 ரூபாயைத் தாண்டும் நாட்களில், அத்தனை நாள் பொறுப்பது லேசான காரியமல்ல. பொறுத்தவருக்கும் பொறுக்காதவருக்கும் சந்தையில் ஒரே விலை. பிறகு யார் பொறுப்பார்?

அடையாளம் இல்லாவிட்டால் பழியும் தவறானவர் மீது விழும். 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது விழுந்தது; அங்குள்ள விவசாயிகளின் விளைச்சல் வீணானது. உணவகங்களுக்குச் சரக்குப் போன பதிவுகளைப் பின்தொடர்ந்த பிறகே, ஒரு பண்ணையின் முளைகட்டிய வெந்தயம்தான் காரணம் என்று தெரிந்தது. யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்ற பதிவை ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே கட்டாயமாக்கியிருந்தது.

இலங்கையிலும் வழி இருக்கிறது. மரக்கறி, பழங்களுக்கான நல்ல விவசாய நடைமுறைத் தரம் எஸ்.எல்.எஸ். 1523 என்ற எண்ணில் 2016இல் வந்தது. விவசாயத் திணைக்களம் தோட்டங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. ஆனால், சான்று பெற்ற கரட்டும் மற்றதோடு கலந்து மூட்டையானால் அந்தச் சான்றிதழால் என்ன பயன்? மூட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை என்று 2011 டிசம்பரில் வந்த உத்தரவு, வியாபாரிகளின் எதிர்ப்பில் தளர்ந்துபோனதும் நினைவிருக்கும். கூடையானாலும் வேறெதுவானாலும், செலவு முழுவதையும் கீழே இருப்பவர் தலையில் கட்டும் எந்தத் திட்டமும் நிலைக்காது.

பதிவுக்கான பெரிய கருவிகள் பிறகு வரட்டும். விளைவித்தவர் பெயர், ஊர், கடைசியாக மருந்து அடித்த நாள், அறுவடை நாள் ஆகிய நான்கையும் ஓர் அட்டைத்துண்டில் எழுதி மூட்டை வாயில் கட்டலாம். அந்த அட்டை உள்ள மூட்டைக்கு வியாபாரிகள் சில ரூபாய் கூட்டிக் கொடுக்கட்டும். பொருளாதார நிலையங்கள் அந்த விபரங்களைப் பதிவேட்டில் ஏற்றட்டும். அடுத்த முறை மரக்கறி வாங்கும்போது, எந்த ஊர்க் கரட் என்று நீங்களும் கடைக்காரரிடம் கேளுங்கள்.