கமராவில் சிக்கும் ஒளியும் நாம் சூட்டும் பெயரும்

கடற்கரையிலோ, மையவாடிக்கு அருகிலோ, ஆளில்லா வளவொன்றிலோ இரவு நேரத்தில் எடுக்கப்பட்ட படங்களில் இனந்தெரியாத ஒளிப்புள்ளிகள் தென்படுவதும், அவை கையடக்கத் தொலைபேசிகள் வழியே ஊரெங்கும் பரவுவதும் வழமையாகிவிட்டன. ஒரு சாரார் அதனை ஜின் என்கின்றனர். வேறு சிலர் ஆவி என்கின்றனர். இன்னுஞ் சிலர் அனைத்தும் மோசடியென ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகின்றனர். கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் அருகருகே வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் இவ்விடயத்தை நிதானமாக ஆராய வேண்டுமென நாம் கருதுகின்றோம்.

இத்தகைய படங்களிற் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனால், கமரா நமது கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. கையடக்கத் தொலைபேசிகளில் மின்னொளி விளக்கு வில்லைக்கு மிக அருகில் அமைந்துள்ளது. அவ்விளக்கு ஒளிரும்போது வில்லைக்கு முன்னால் மிதக்கும் தூசியும் மழைத்துளியும் பளிச்சிட்டு, குவியம் தப்பி, பெரிய ஒளிவட்டங்களாகப் பதிவாகின்றன. இரவிற் கண்காணிப்புக் கமராக்கள் பாய்ச்சும் அகச்சிவப்புக் கதிர் நமது கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அக்கதிர் பட்ட பூச்சியும் சிலந்தி நூலும் திரையில் வெண்ணிற உருவங்களாக அலைகின்றன. வீதி விளக்கைப் படம்பிடிக்கையில் அதன் ஒளி வில்லைகளுக்கிடையே தெறித்து, படத்தின் மறுபக்கத்தில் பச்சைப் புள்ளியாகத் தோன்றுவதும் உண்டு. கையை அசைத்தால் அப்புள்ளியும் அசையும்.

வானிலும் கடலிலும் மெய்யாகவே தோன்றும் ஒளிகளுக்கும் காரணங்கள் உண்டு. 2019 மே மாதம் முதல் ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள், ஏவப்பட்ட சில நாட்களுக்கு மணிமாலை போல வரிசையாக வானைக் கடக்கின்றன. ஆழ்கடற் படகுகளின் விளக்குகள் தொடுவானத்தில் மிதப்பது போலத் தோன்றும். 2015 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட டபிள்யூ.ரீ.1190எஃப் என்னும் விண்பொருள் நவம்பர் 13ஆம் திகதி இலங்கையின் தென்கடலுக்கு மேலே எரிந்து விழுமென விஞ்ஞானிகள் முன்கூட்டியே அறிவித்தனர். அவ்வாறே நிகழ்ந்தது. விமானத்திலிருந்து அதனைப் படமும் பிடித்தனர். முன்னறிவிப்பின்றி அது எரிந்திருந்தால் எத்தனை கதைகள் பிறந்திருக்கும் என்பதைக் கூறத் தேவையில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்னுமிடத்துக்கு அருகே தோன்றும் மர்ம ஒளிகள் நீண்ட காலமாகப் பேசப்பட்டவை. 2004இல் அங்கு சென்று ஆராய்ந்த பல்கலைக்கழக மாணவர்கள், தாம் கண்ட ஒளிகள் தொலைவிலுள்ள நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களின் முகப்பு விளக்குகளே எனக் கண்டறிந்தனர். மறுபுறம், நோர்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் தோன்றும் ஒளிகள் பல்லாண்டு ஆய்வுக்குப் பின்னரும் முழுமையாக விளக்கப்படவில்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்பதன் பொருள், இன்னும் அறியவில்லை என்பது மாத்திரமே. அந்த வெற்றிடத்தில் பேயைக் குடியமர்த்துவது அறிவாகாது.

இது சமய நம்பிக்கைக்கு எதிரான வாதமன்று. மறைவானவற்றை நம்புவது வேறு; கண்ணிற் பட்ட ஒளியை ஆராயாமல் மறைவானவற்றின் கணக்கிற் சேர்ப்பது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புதல்வர் இப்றாஹீம் மறைந்த நாளிற் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, அந்த மரணத்தினாலேயே அது நிகழ்ந்ததென மக்கள் பேசிக்கொண்டனர். நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவரது மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை எனத் தெளிவுபடுத்தினார்கள். ஒளியியலின் முன்னோடியான இப்னு அல்-ஹைதம், இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இருட்டறையில் ஒளியைப் பரிசோதித்தார். இன்றைய கமராவின் அடிப்படையும் அதுவே. எப்பொருள் யார் வாயிலாகக் கேட்பினும் அதன் மெய்ம்மை காணுமாறு தமிழ் மரபும் பணிக்கிறது.

இது வெறும் பொழுதுபோக்கு விவாதமன்று. 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்னும் பீதி நாட்டின் பல பகுதிகளைப் பற்றிக்கொண்டது. பொத்துவில் உட்பட கிழக்கிலும் பதற்றமும் மோதலும் ஏற்பட்டன. புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கும்பலினாற் கொல்லப்பட்டார். சந்தேகம் ஒன்றே போதுமென வழிப்போக்கர்கள் தாக்கப்பட்டனர். அதேவேளை, தாம் தாக்கப்பட்டதாகப் பெண்கள் கூறிய முறைப்பாடுகளும் 'பூதம்' என்ற கேலிக்குள் அமிழ்ந்துபோயின. பூதம் என்று பெயரிட்டதும் விசாரணை நின்றுபோகிறது. அதனால் அப்பாவியும் அடிபடுகிறான், குற்றவாளியும் தப்பிவிடுகிறான்.

ஆழிப்பேரலையில் ஆயிரக்கணக்கான உறவுகளைப் பறிகொடுத்த கரை இது. இரவிற் கடலோரத்தில் ஓர் ஒளியைக் கண்டு மனம் கலங்குவோரை நாம் எள்ளி நகையாட முடியாது. ஆனால் அக்கலக்கத்தை விலைபேசுவோருக்கு இடமளிக்கவும் முடியாது.

ஆகவே, ஒரு படம் கைக்கு வந்தால் அதனை உடனே பிறருக்கு அனுப்பாதிருப்பதே முதற் கடமை. மூலப் படத்தையும், எடுத்த நேரத்தையும், திசையையும் கேட்டறிய வேண்டும். அதேயிடத்தில், அதேநேரத்தில் விளக்குடனும் விளக்கின்றியும் மீண்டும் படம்பிடித்துப் பார்க்க வேண்டும். எவரேனும் வளவுக்குள் நடமாடியதாக ஐயமிருப்பின் பொலிஸில் முறையிட வேண்டும். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களும், பள்ளிவாசல், ஆலய நிர்வாகத்தினரும் இதற்கு வழிகாட்டலாம். அறியாததை அறியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு ஓர் ஊருக்கு இருக்குமாயின், அங்கு வதந்தி நெடுநாள் நிலைக்காது.